தண்ணீருக்குள் இருக்கிற வரம்பு

பிறந்து ஒரு கிழமைகூட ஆகாத பிள்ளையின் மூளையை எம்ஆர்ஐ படத்தில் முதன்முதல் பார்க்கிறவர், படம் பிழைத்துப்போயிற்று என்றுதான் நினைப்பார். பெரியவர்களுடைய படத்தில் வெளிச்சமாக இருக்கவேண்டிய இடம் இருண்டு கிடக்கும். இருட்டாக இருக்கவேண்டியது வெளிச்சமாக இருக்கும். படத்தில் ஒரு பிழையும் இல்லை. மூளைக்குள் ஓடும் நரம்பு இழைகளைச் சுற்றி மயலின் என்றொரு கொழுப்புறை உண்டு. டி-1 என்கிற வகைப் படத்தில், அந்த இழைகள் நிறைந்த வெண்பொருளை வெளுப்பாகக் காட்டுவது அதுதான். பிறந்த பிள்ளைக்கு அந்த உறை ஒருசில இடங்களில்தான் சுற்றத் தொடங்கியிருக்கும். மற்ற இடமெல்லாம் தண்ணீர்ச் செறிவு. தண்ணீர் டி-1 படத்தில் கறுப்பாக விழும், டி-2 படத்தில் வெள்ளையாக விழும். பெரியவர்களின் மூளையைப் பார்த்துப் பழகிய கண்ணும் சரி, அதைக் கொண்டு பழக்கிய கணினி நிரலும் சரி, இந்தப் படத்துக்கு முன்னால் தடுமாறும்.

ஆறு மாதமளவில் நிலைமை இன்னும் மோசம். மயலின் ஏற ஏற வெண்பொருள் வெளுத்துக்கொண்டு வரும். வருகிற வழியில், நரம்பணுக்கள் நிறைந்த சாம்பல்பொருளின் நிறத்தோடு அப்படியே ஒத்துப்போகிற ஒரு காலம் இருக்கிறது. இரண்டுக்கும் இடையில் எல்லை இருக்கிறது, ஆனால் படத்தில் தெரியாது. கார்த்திகை மழைக்குப் பிறகு முத்தையன்கட்டுக் குளத்துக்குக் கீழே வயல்களைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். எங்கு பார்த்தாலும் ஒரே வெள்ளம், வரம்பு எங்கே, வாய்க்கால் எங்கே என்று பிரித்துச் சொல்லேலாது. ஆனால் வயல்காரர் வீதியில் நின்றபடியே, "அதில கால் வைக்காதேங்கோ, அது வாய்க்கால்" என்பார். அவருக்கு அது கோடையில் கண்ட வரம்பு. மூளைக்கு வரைபடம் போடுகிறவர்களுக்கு அந்தக் கோடை இல்லை. வளர்ந்த பிறகு தெரியப்போகிற வரம்பை இப்போதே ஊகிக்கவேண்டும். அதுவும் வாரத்துக்கு வாரம் நகர்கிற வரம்பை.

நான் வைத்தியன் இல்லை. அறிவியல்நகரில் கணினிப் பொறியியல் படித்துவிட்டு, கிளிநொச்சியில் இருந்தபடி மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன். மச்சாளின் பிள்ளை குறைமாதத்தில் பிறந்தபோது ஆஸ்பத்திரி விறாந்தையில் காதில் விழுந்த சொற்கள்தான் என்னை இதற்குள் இழுத்துவிட்டன. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

லண்டனில் சென் தோமஸ் மருத்துவமனையை மையமாக வைத்து, கிங்ஸ் கல்லூரி, இம்பீரியல் கல்லூரி, ஒக்ஸ்போர்ட் ஆகிய மூன்றும் சேர்ந்து ஐரோப்பிய ஆய்வுப் பேரவையின் நிதியில் ஒரு பெரிய வேலை செய்தன. 'டெவலப்பிங் ஹியூமன் கனெக்டோம் ப்ரொஜெக்ட்' என்று பெயர். 2021 இல் வெளிவந்த அவர்களின் மூன்றாவது தொகுப்பில் 783 பச்சைப் பிள்ளைகளின் மூளைப் படங்கள் இருக்கின்றன. நிபந்தனைகளை ஒப்புக்கொண்டு பதிவுசெய்தால் ஆய்வுக்கு இறக்கிக்கொள்ளலாம். அவ்வளவு பெரிய கோப்புகளை எங்கள் வீட்டு இணைப்பில் இறக்குவது தனிக் கதை, அதை விடுகிறேன்.

எனக்கு அதில் ஆகப் பிடித்தது பிள்ளையை இயந்திரத்துக்குள் போடுகிற விதம். எம்ஆர்ஐ அறையில் கிடக்கிற சத்தம், பெரிய ஆட்களையே கண்ணை இறுக மூடிக்கொள்ள வைக்கும். அதற்குள் ஒரு மணித்தியாலம் அளவு ஒரு பச்சைப் பிள்ளை அசையாமல் கிடக்கவேண்டும். மயக்க மருந்து கொடுப்பதில்லை. முதலில் வயிறு நிறையப் பால். பிறகு துணியால் இறுகச் சுற்றுவார்கள். பல் வைத்தியர்கள் அச்செடுக்கப் பயன்படுத்துகிற களியைப் பிசைந்து காதுக்குள் அடைத்து, அதற்கு மேல் சின்னக் காதுமூடி. சிறுமணிகள் நிரப்பிய மெத்தையொன்றில் கிடத்தி, அதற்குள் இருக்கிற காற்றை உறிஞ்சி எடுத்தால் மெத்தை பிள்ளையின் உடம்பைப் பிடித்தபடி இறுகிவிடும். தலைக்கென்று அளவெடுத்துச் செய்த, படத்துக்கான சமிக்ஞையைப் பிடிக்கிற 32 வாங்கிகள் கொண்ட சுருள். இயந்திரத்தின் சத்தத்தைக்கூட ஒரேயடியாகத் தொடங்காமல், பிள்ளை திடுக்கிடாதபடி மெல்ல மெல்ல ஏற்றுகிறார்கள். இதை வாசித்துக் காட்டினபோது அம்மா சொன்னா: "உதுக்கே இவ்வளவு படிப்பு? ஏணைக்குள்ள போட்டு ரெண்டு ஆட்டு ஆட்டினா நித்திரை கொள்ளும்." முழுக்கப் பிழையென்று சொல்லமாட்டேன். பால் கொடுத்துச் சுற்றிக் கிடத்துகிற முறையைக் கண்டுபிடித்தது பௌதிகவியலாளர்கள் இல்லை.

அப்படியும் பிள்ளை அசையும். நித்திரையில் சிரிக்கும், தலையைத் திருப்பும், விக்கல் எடுக்கும். படம் ஒவ்வொரு மெல்லிய தட்டாக எடுக்கப்படுவதால், அசைந்த தட்டுகள் ஒன்றோடொன்று பொருந்தாமல் நிற்கும். எந்தத் தட்டு எந்தக் கோணத்தில் எடுபட்டது என்று கணக்கிட்டு, திரும்ப ஒழுங்காக அடுக்கி, அரை மில்லிமீற்றர் நுட்பத்தில் முழு மூளையாகக் கட்டுவது நிரலின் வேலை. என் தொழிலில் இருக்கிறவர்கள் கேட்டால் வாயைப் பிளக்கவேண்டிய வேலை.

சரி, படம் வந்துவிட்டது. இனி வரம்பு.

பெரியவர்களின் மூளைக்கு வரைபடம் போட்ட கதை பழையது. ஜேர்மனியில் புரொட்மன், நுணுக்குக்காட்டியில் உயிரணுக்களின் அடுக்கைப் பார்த்து 1909 இல் மூளையின் மேற்படையான புறணியைப் பிரித்து இலக்கம் போட்டார். அந்த இலக்கங்களை இன்றைக்கும் வைத்தியர்கள் சொல்கிறார்கள். 2016 இல் எம்ஆர்ஐ படங்களை வைத்து அமெரிக்காவில் ஒரு குழு, பக்கத்துக்கு 180 பகுதிகள் என்று எண்ணிக்கையை உயர்த்தியது. பிறந்த பிள்ளைகளுக்கு அப்படி நெடிய வரலாறு இல்லை. அடிக்கடி எடுத்தாளப்படுகிற வரைபடங்களில் ஒன்று 2012 இல் லண்டனில் செய்யப்பட்டது. 20 பிள்ளைகள், அதில் 15 பேர் குறைமாதத்தில் பிறந்தவர்கள், மூளைக்கு 50 பகுதிகள். எல்லாம் கையால் வரைந்தது. 2017 இல் மெல்பேர்ணில் செய்த இன்னொன்று 10 நிறைமாதப் பிள்ளைகளை வைத்து 100 பகுதிகள் பிரித்தது. இன்றைக்குத் தானாகவே நிமிடக்கணக்கில் பிரித்துத் தருகிற நிரல்களை நோண்டிப் பார்த்தால், அடியில் இப்படி யாரோ ஒருவர் தட்டுத் தட்டாகச் சுட்டியைப் பிடித்து இழுத்த கோடுதான் கிடக்கும்.

அந்தக் கோடு எப்படிப்பட்டது என்று அறிய, நானும் ஒரு பிள்ளையின் டி-2 படத்தை ஐடிகே-ஸ்நாப் என்ற இலவச மென்பொருளில் திறந்து வரைந்து பார்த்தேன். நெற்றிமடலையும் அதற்குப் பின்னால் உள்ள சுவர்மடலையும் பிரிக்கிற நடுப்பள்ளம் நன்றாகத் தெரிந்தது. கண் வைத்துக்கொண்டு அதன் வழியே போகலாம். பிறகு காதுக்கு மேலே இருக்கிற பொட்டுமடலின் பின்பக்கம் வந்தேன். அது எங்கே முடிகிறது, பிடரிமடல் எங்கே தொடங்குகிறது? பார்த்தேன், பார்த்தேன், ஒன்றும் இல்லை. பள்ளமும் இல்லை, நிற மாற்றமும் இல்லை. புத்தகத்தைப் புரட்டினால், மேலே இருக்கிற ஒரு பள்ளத்தையும் கீழே இருக்கிற சின்ன வெட்டொன்றையும் நேர்கோட்டால் இணைத்துவிட்டு அதற்கு இந்தப்பக்கம் பொட்டு, அந்தப்பக்கம் பிடரி என்று வைத்துக்கொள்ளச் சொல்கிறது. மூளை போடாத கோட்டை மனிதர் பேசித் தீர்த்துப் போட்டிருக்கிறார்கள். எல்லா வரைபடங்களிலும் இப்படிப் பஞ்சாயத்துக் கோடுகள் உண்டு. ஒரே படத்தை இரண்டு பேரிடம் கொடுத்தால் இரண்டு விதமாக வரும். ஒரே ஆள் அடுத்த மாதம் திரும்ப வரைந்தால் மூன்றாவது விதமாக வரும். எவ்வளவு ஒத்துப்போகிறது என்று அளந்து அந்த இலக்கத்தையும் சேர்த்து வெளியிடுவதுதான் இந்தத் துறையின் நேர்மை.

இதற்கு மேல் வளர்ச்சி என்கிற தலையிடி. கர்ப்பத்தின் 24 ஆம் வாரத்தில் மூளையின் மேற்பரப்பு கிட்டத்தட்ட வழுவழு என்று இருக்கும். முக்கிய மடிப்புகள் எல்லாம் நிறைமாதத்துக்குள் வந்துவிடும். 29 ஆம் வாரத்திலிருந்து 41 ஆம் வாரத்துக்குள் புறணியின் சாம்பல்பொருள் ஏறத்தாழ நான்கு மடங்காகப் பெருகுவதை 1998 இலேயே அளந்திருக்கிறார்கள். ஆகவே "பச்சைப்பிள்ளை வரைபடம்" என்று ஒன்றை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்யேலாது; 28 முதல் 44 வாரம் வரை வாரவாரியான வரைபடங்களே 2012 இல் வந்துவிட்டன. போதாக்குறைக்குப் புறணிக்குக் கீழே சப்பிளேட் என்று ஒரு படை இருக்கிறது. கருவில் வளர்கிற மூளைக்குள், ஆழத்தில் உள்ள தலமஸ் என்ற பகுதியில் இருந்து வருகிற நரம்பு இழைகள் நேரே புறணிக்குப் போவதில்லை, இதில் வந்து கொஞ்ச வாரம் காத்து நிற்கும். 28, 30 வாரமளவில் ஆகத் தடிப்பாக இருக்கிற இந்தப் படை பிறகு பெரும்பாலும் இல்லாமலே போய்விடும். பெரியவர்களின் வரைபடத்தைச் சுருக்கிப் பிள்ளைக்குப் போடலாம் என்று நினைத்தவர்களுக்கு இந்த ஒரு படையே பதில். வளர்ந்த மூளையில் இல்லாத பகுதி ஒன்று பிள்ளையில் இருக்கிறது. அதுவும் குறைமாதப் பிள்ளைகள் வெளியே வந்துவிடுகிற அதே வாரங்களில்.

அப்படி வந்ததுதான் மச்சாளின் பிள்ளை. 30 ஆம் வாரம். பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். மூன்றாம் நாள் டொக்டர் ஒருவர் ஒலியலையால் படம் காட்டுகிற சின்ன ஸ்கான் மெசினைத் தள்ளிக்கொண்டு வந்து, பிள்ளையின் உச்சிக்குழியில் ஜெல்லைப் பூசி, புரோப் என்கிற அதன் கைக்கருவியை வைத்தார். மச்சாள் பயந்துபோனா. "தலையில அமத்தினா மூளையில படாதே டொக்டர்?" என்று கேட்டாவாம். அவர் சிரித்துவிட்டு, "அமத்தேல்லை அம்மா. இதில எலும்பு இன்னும் மூடேல்லை, அதாலதான் எங்களுக்கு உள்ளுக்குப் பார்க்க ஏலுது. ஒரு வயசுக்குப் பிறகு இந்த ஜன்னல் பூட்டிப்போடும்" என்றிருக்கிறார்.

ஜன்னல் வழியாக அவர் பார்த்தது ஒரு குறிப்பிட்ட இடத்தை. மூளையின் நடுவில் நீர் நிற்கிற அறைகளின் ஓரத்தில், நரம்பணுக்கள் உற்பத்தியாகிற ஒரு படுக்கை குறைமாதப் பிள்ளைகளுக்கு இருக்கும். அதிலுள்ள இரத்தக் குழாய்கள் மிக மெல்லியவை. 32 வாரத்துக்கு முன் பிறந்தவர்களுக்கு அதில் இரத்தம் கசியலாம், கசிந்தால் பெரும்பாலும் முதல் மூன்று நாளுக்குள். அது படுக்கையோடு நிற்கிறதா, அறைக்குள் இறங்கிவிட்டதா, அறையை வீங்கவைத்துவிட்டதா, பக்கத்து மூளைப்பகுதியையும் பாதித்ததா என்று நான்கு தரமாகப் பிரிப்பார்கள். அமெரிக்காவில் 1978 இல் சீ.ரி. (CT) ஸ்கானை வைத்துப் பிரித்த தரங்கள் அவை. இன்றைக்குக் கட்டில் பக்கத்து ஸ்கானில் சொல்லப்படுகின்றன. இதுவும் மூளைக்குப் போட்ட வரைபடம்தான், நான்கே நான்கு வரியில். அன்றைக்கு எங்களுக்குத் தேவைப்பட்டதும் அவ்வளவுதான். பிள்ளைக்கு முதலாம் தரம். சில கிழமை கழித்து இன்னொருமுறை பார்க்கவேண்டும் என்றார்கள், ஏனென்றால் வெண்பொருளில் காயம் இருந்தால் அது சிறு குழிகளாகத் தெரியவர இரண்டு, மூன்று, சிலவேளை நான்கு கிழமை எடுக்கும். முதல் நாள் படம் நன்றாக இருந்தது என்று நிம்மதியாகப் போய்விடக்கூடாது.

எம்ஆர்ஐ எடுத்தால் இதைவிட நன்றாகத் தெரியாதா என்று விறாந்தையில் நான் கேட்டேன். தெரியும். நிறைமாதத்தில் பிறந்து மூச்சு எடுக்கச் சிரமப்பட்ட பிள்ளைகளுக்கு அது தரும் தகவல் வேறெதிலும் கிடைக்காது. மூளையின் நடுவில் கை கால்களுக்குக் கட்டளை இறங்கிப்போகிற நரம்புக் கற்றை ஒன்றின் பின்பகுதி, நிறைமாதத்தில் மயலின் சுற்றத் தொடங்கியிருக்கிற அந்த ஒருசில இடங்களில் ஒன்று. டி-1 படத்தில் அரிசியளவு வெளிச்சமாகத் தெரியும். அந்த வெளிச்சம் இல்லாவிட்டால் பிள்ளையின் அசைவுகளில் பிற்காலத்தில் குறை வரக்கூடும் என்று 1998 இலேயே லண்டனில் காட்டியிருக்கிறார்கள். ஆயிரம் பகுதிகளாகப் பிரித்த வரைபடத்தைவிட, இந்த ஒரு பொட்டு வெளிச்சம் எங்கே இருக்கவேண்டும் என்று தெரிந்திருப்பது ஒரு தாய்க்கு உதவும்.

இன்னொன்றும் உண்டு. காயம் எந்த இடத்தில் விழுந்திருக்கிறது என்பது, அது எப்படி விழுந்தது என்பதையும் சொல்லும். பிரசவ நேரத்தில் திடீரென்று ஒட்சிசன் நின்றுபோனால் மூளையின் ஆழத்தில் தலமஸ் பக்கம் அடிபடும். கருவிலேயே நெடுகக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்திருந்தால் வெண்பொருளும் ஓரப் பகுதிகளும் அடிபடும். ஏன் இதைச் சொல்கிறேன் என்றால், மூச்சுத்திணறிப் பிறந்த பிள்ளையின் உடம்பை 72 மணித்தியாலம் குளிர்ச்சியில் வைத்தால் மூளை தப்பும் வாய்ப்புக் கூடும் என்பது பணக்கார நாடுகளில் நிரூபிக்கப்பட்ட சிகிச்சை. அதை இந்தியா, இலங்கை, பங்களாதேஷ் மருத்துவமனைகளில் 408 பிள்ளைகளோடு சோதித்த ஹீலிக்ஸ் ஆய்வு 2021 இல் வெளிவந்தது. குளிர்வித்த பிள்ளைகளில் 42 சதவீதம் இறந்தார்கள். குளிர்விக்காத பிள்ளைகளில் 31 சதவீதம். அங்கே உயிர் காத்த சிகிச்சை இங்கே உயிர் எடுத்திருக்கிறது. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் காயம் பிரசவ அறைக்கு வருமுன்பே தொடங்கிவிடுகிறதோ என்பது பேசப்படுகிற விளக்கங்களில் ஒன்று. அப்படியா இல்லையா என்று சொல்லவேண்டியது மூளைப் படம்தான்.

ஆகவே யாருடைய பிள்ளைகளை வைத்து வரைபடம் போட்டார்கள் என்ற கேள்வி வெறும் கௌரவப் பிரச்சினை இல்லை. லண்டன் தொகுப்பில் எங்களுடைய ஆட்களே இல்லை என்று அடித்துச் சொல்லமாட்டேன். ரூட்டிங்கிலும் குரொய்டனிலும் வன்னியில் இருந்து போன குடும்பங்கள் எத்தனை, அவர்களில் ஒருத்தியின் பிள்ளை அந்த மெத்தையில் கிடந்திருந்தாலும் இருக்கும். ஆனால் அந்தத் தாய் தென் லண்டனில் நல்ல சாப்பாடும் கிளினிக்கும் உள்ள தாய். இங்கே வன்னியில் 2009 இல் பதுங்குகுழிக்குள்ளும் மரத்துக்குக் கீழேயும் பிள்ளை பெற்றவர்கள் இருக்கிறார்கள். மாதக்கணக்கில் கஞ்சியோடு கிடந்த வயிறுகள் அவை. அந்தப் பிள்ளைகள் இன்றைக்கு வளர்ந்துவிட்டார்கள். அவர்களின் மூளை எப்படி வளர்ந்தது என்று எந்தப் படமும் எடுபடவில்லை. இனி எடுத்தாலும் தொடக்கம் இல்லாத தொடர்தான்.

கொண்டு திரியக்கூடிய எம்ஆர்ஐ வந்துவிட்டது என்று நண்பர்கள் அனுப்புகிற செய்திகளை நானும் பார்க்கிறேன். உண்மைதான். ஹைப்பர்ஃபைன் என்ற நிறுவனத்தின் இயந்திரத்துக்கு 2020 இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. சாதாரண பிளக்கில் செருகலாம், காந்தத்தைக் குளிர்விக்க ஹீலியம் தேவையில்லை, சில்லில் தள்ளிக்கொண்டு கட்டிலடிக்கே போகலாம். காந்தப் பலம் 0.064 டெஸ்லா. லண்டன் இயந்திரத்தின் 3 டெஸ்லாவோடு ஒப்பிட்டால் கிட்டத்தட்ட ஐம்பதில் ஒரு பங்கு. படம் மங்கல்தான். ஆனால் மங்கல் படத்தில் இருந்து மூளைப் பகுதிகளின் அளவை எடுக்க நிரல்கள் வந்துகொண்டிருக்கின்றன, வறிய நாடுகளில் பிள்ளைகளை வைத்துச் சோதனைகளும் நடக்கின்றன. எனக்கு அதில் ஆசை இருக்கிறது. அவசரம் இல்லை.

அவசரம் வேறொன்றில். மச்சாளின் பிள்ளைக்கு இரண்டாவது ஸ்கான் எடுக்கவேண்டிய கிழமையில், அந்த ஆஸ்பத்திரியில் பார்க்கத் தெரிந்த டொக்டர் மாற்றலாகிப் போயிருந்தார். வேறு மாவட்டத்துக்குப் பிள்ளையைக் கொண்டுபோய்க் காட்டவேண்டி வந்தது. மெசின் அங்கேயேதான் நின்றது. வயிற்றில் வைத்துக் கருவைப் பார்க்கிற அகன்ற புரோப்தான் மற்றவர்களுக்குப் பழக்கம். அது மூன்றரை மெகாஹேர்ட்ஸ் அளவு, ஆழமாகப் பார்க்க நல்லது, உச்சிக்குழிக்குள் பொருந்தாது. பிள்ளையின் தலைக்கு முகம் சிறுத்த, ஏழு எட்டு மெகாஹேர்ட்ஸ் அளவிலான புரோப் வேண்டும். மெசினை மாற்றத் தேவையில்லை, பெரும்பாலான மெசின்களில் புரோப்பை மட்டும் கழற்றி மாட்டலாம்.

வெளிநாட்டுச் சங்கங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்கு என்ன வாங்கித் தரட்டும் என்று வருஷா வருஷம் கேட்கின்றன. கட்டில், தண்ணீர்த் தாங்கி, பெயர் பொறித்த கதிரை எல்லாம் வந்துவிட்டன. அடுத்தமுறை கேட்கும்போது பிள்ளைகளின் வாட்டுப் பொறுப்பு டொக்டரிடம் போய், உங்களிடம் இருக்கிற மெசின் எந்த மொடல், அதற்கு உச்சிக்குழியில் வைக்கிற புரோப் இருக்கிறதா, இல்லையென்றால் எது பொருந்தும் என்று எழுதி வாங்குங்கள். புரோப்போடு சேர்த்து, அங்கே நெடுகலாக நிற்கப்போகிற இரண்டு பேரைப் பயிற்சிக்கு அனுப்ப அனுமதியும் செலவும் ஒழுங்குபண்ணுங்கள். ஒருவரை மட்டும் அனுப்பினால், அவருக்கும் மாற்றல் வரும்.